பில் இல்லாத எட்டுக்கால் சரக்கு

2021-ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில், சென்னையில் உள்ள வெளிநாட்டு அஞ்சலகத்துக்குப் போலந்து நாட்டிலிருந்து ஒரு பார்சல் வந்து சேர்ந்தது. பெறுநர் முகவரி அருப்புக்கோட்டை. சுங்கத்துறையினர் சந்தேகப்பட்டுப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே தெர்மோகோல் பெட்டி. அதற்குள் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சின்னஞ்சிறு பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொரு குப்பிக்குள்ளும் உயிரோடு ஒரு சிலந்தி. இறக்குமதி உரிமமும் இல்லை, கால்நடைச் சுகாதாரச் சான்றும் இல்லை. விலங்கியல் அறிஞர்களை அழைத்துக் காட்டிய பின், வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவதற்காக அத்தனையும் தபால் துறையிடம் ஒப்படைக்கப்பட்டன.

அரிசி, பருப்பு, எண்ணெய் விலை பேசும் நம் இதழில் எட்டுக்கால் பூச்சிக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். பார்சல் வந்த முகவரி நியூயார்க்கோ பம்பாயோ அல்ல, அருப்புக்கோட்டை. நம்மைப் போன்ற வியாபாரிகள் தெருவுக்குத் தெரு கடை வைத்திருக்கும் ஊர். நம் உறுப்பினர்களில் எத்தனையோ பேர் மளிகையோடு கூரியர் ஏஜென்சியும் லாரி புக்கிங்கும் நடத்துகிறார்கள். பிள்ளைகள் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தபடியே வியாபாரம் பழகுகிறார்கள். சென்ற மாதம் உறுப்பினர் ஒருவர் என்னிடம் வந்து, “அண்ணாச்சி, பையன் கடையில ஒரு ஓரமா கண்ணாடிப் பெட்டி வைக்கணுங்கிறான். கலர் மீன் மாதிரிதானாம், ஆனா சிலந்தியாம். மரத்துல இருக்குற ஜாதியாம். ஒண்ணு ரெண்டாயிரம், மூவாயிரம்னு போகுதாம். வைக்கலாமா?” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்கும் சொல்லிவிடுவது நல்லது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சரக்கு இன்னதென்று தெரிய வேண்டும். டாரன்டுலா என்று அழைக்கப்படும் பெரிய ரோமச் சிலந்திகளில் தரையில் வளை தோண்டி வாழ்பவை ஒரு வகை, மரத்தில் வாழ்பவை இன்னொரு வகை. அருப்புக்கோட்டைக்கு வந்தவை மெக்சிகோ பக்கத்துத் தரை ஜாதி. மரத்து ஜாதி மரப்பொந்திலும் பட்டை இடுக்கிலும் பட்டு போன்ற வலையை உறையாகப் பின்னிக்கொண்டு, பகல் முழுவதும் உள்ளே கிடக்கும். இரவில் வாசலில் வந்து நின்று, அந்தப் பக்கம் போகும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். தென் அமெரிக்காவின் கயானா, சூரினாம், பிரேசில் பகுதிகளில் இருப்பது அவிகுலேரியா. காலின் நுனி இளஞ்சிவப்பாக இருக்கும். மரியா சிபில்லா மெரியன் என்ற அம்மையார் சூரினாமுக்குக் கப்பலேறிப் போய்ப் பூச்சிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்து, 1705-ல் புத்தகமாக வெளியிட்டார். அதில் ஒரு படத்தில் சிலந்தி ஒன்று சின்னப் பறவையைத் தின்கிறது. வெகுகாலம் யாரும் நம்பவில்லை. பறவை தின்னும் சிலந்தி என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சாந்தமான பிராணி என்று வெளிநாட்டில் புதிதாக வளர்ப்பவர்கள் பலரும் இதை வாங்குகிறார்கள்.

நம் பக்கத்து மரத்து ஜாதிக்குப் பொசிலோதீரியா என்று பெயர். இந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையில் கிடையாது. சுமார் பதினைந்து வகைகள் இருக்கின்றன. கால்களில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை, முதுகில் இலை வடிவக் கோலம். வெளிநாட்டு வியாபாரத்தில் இவற்றுக்குப் பெயரே நம் ஊர்ப் பெயர்கள்தான். சேலத்தின் பெயரில் ஒன்று விற்கிறது, மைசூர் பெயரில் ஒன்று. 2004-ல் இராமேசுவரத்தில் அனுமவிலாசம் என்ற கோயிலருகே கண்டெடுத்த ஒன்றுக்கு அந்தக் கோயிலின் பெயரையே அறிவியல் பெயராக வைத்தார்கள். கடல் தாண்டி மன்னாரிலும் பின்னர் அதே சிலந்தியைக் கண்டார்கள். சேலத்து மாம்பழத்தையும் மல்கோவாவையும் ஊர் பேர் சொல்லி விற்கிறோம்; சேலத்துச் சிலந்தி ஜெர்மனியில் விற்பது நமக்குத் தெரியாது!

கடியைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தென் அமெரிக்கச் சிலந்தியின் கடி தேனீக் கொட்டு மாதிரி என்பார்கள். நம் பொசிலோதீரியா அப்படியல்ல. மிக வேகமாக ஓடும். ஆபத்து என்று பட்டால் கடிக்கும். கடிபட்டவர்களுக்குக் கடும் வலியோடு தசைப்பிடிப்பு வருகிறது. சிலருக்கு நாட்கணக்கில் விட்டு விட்டு வருகிறது. இதனால் இறந்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவு இல்லை. அதனால் “பார்த்தாலே சாவு” என்று மிரட்டுவதும் பொய், “ஒன்றும் செய்யாது, கையில் விட்டுக்கொள்ளுங்கள்” என்று விற்பதும் பொய். கடையில் விற்பனைக்கு நிற்பவன் இரண்டாவது பொய்யைத்தான் சொல்வான் என்பது நமக்குத் தெரியாதா?

வளர்க்கும் விதமும் கடைக்காரருக்குத் தோதானதல்ல. அகலத்தைவிட உயரம் அதிகமுள்ள பெட்டி வேண்டும், ஏறுவதற்கு நிமிர்த்தி வைத்த மரப்பட்டை வேண்டும், காற்று இரு பக்கமும் புகுந்து போக வேண்டும். ஈரம் தேங்கிக் காற்றோட்டம் இல்லாமல் போனால் அவிகுலேரியா சீக்கிரம் செத்துவிடும். வாரத்துக்கு ஒன்றிரண்டு பூச்சி போதும், சிறு கிண்ணத்தில் தண்ணீர் போதும். தோல் உரிக்கும் காலத்தில் அதுவும் தின்னாது. அப்போது உள்ளே விட்ட பூச்சியை எடுக்க மறந்தால் மெல்லிய உடம்போடு கிடக்கும் சிலந்தியைப் பூச்சியே கடித்துக் கொன்றுவிடும். பெட்டைச் சிலந்தி பத்து ஆண்டுக்கு மேலும் இருக்கும். ஆணுக்கு ஆயுள் சில ஆண்டுகளே. பத்தாம் வகுப்புப் பையன் ஆசைப்பட்டு வாங்கினால் அவன் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் வீட்டில் அம்மாதான் கரப்பான் பிடித்துப் போட வேண்டியிருக்கும்.

மளிகைக் கடையில் இதை வைப்பது சிலந்திக்கே ஆகாது. கொசுவத்தி, கொசு மருந்து, எறும்புப் பொடி, கரப்பான் ஸ்பிரே எல்லாம் ஒரே அலமாரியில் இருக்கும் இடம் நம் கடை. பூச்சியைக் கொல்லும் மருந்து எட்டுக்காலையும் கொல்லும். கடையில் பிடித்த கரப்பானைப் போட்டாலோ அது ஏற்கெனவே மருந்து தின்ற கரப்பானாக இருக்கும். உணவுப் பாதுகாப்பு உரிமம் வாங்கிய கடையில் உணவுப் பண்டத்துக்குப் பக்கத்தில் பிராணியை வைத்தால் அதிகாரி சும்மா போக மாட்டார் என்பது இன்னொரு பக்கம். இவ்வளவும் தாண்டி வைத்தாலும், பகலில் வாடிக்கையாளர் வந்து பார்த்தால் பெட்டிக்குள் மரப்பட்டை மட்டும்தான் தெரியும். கண்ணில் படாத சரக்கை டிஸ்பிளே வைத்து என்ன பயன்?

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். ஆந்திராவில் குத்தி என்ற ஊர் இருக்கிறது. ரயிலில் போனவர்களுக்குத் தெரியும். 1899-ல் லண்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த போக்காக் என்பவர், குத்தி ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரே ஒரு சிலந்தியை வைத்து ஒரு புது வகையை எழுதினார். உடம்பு முழுவதும் பளபளக்கும் நீலம். அதன் பின்பு நூறாண்டு அதை யாரும் காணவில்லை. 2001-ல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில், குத்தியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, மறுபடி கண்டார்கள். காட்டில் வெட்டிய மரத்தோடு ரயிலேறிக் குத்திக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது கணிப்பு. அது வாழும் காடு நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. விறகுக்கும் மரத்துக்கும் வெட்டப்பட்டு வருகிற காடு. 2008-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழிவின் விளிம்பில் உள்ள பிராணிகளின் பட்டியலில் சேர்த்தது.

அதே சிலந்தி இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒன்றின் விலை நூற்றுக்கணக்கான டாலர். ஒரு முட்டைப் பையில் நூறு குஞ்சு வரை பொரிக்கும் பிராணி. நாலு பேர் பெருக்கத் தெரிந்துகொண்டதும் விலை மளமளவென்று சரிந்தது. இதில் நந்தியால் காட்டுக்கு என்ன வந்தது? காட்டைக் காக்க ஒரு ரூபாய் திரும்பியதா? மரம் ஏறிப் பிடித்துக் கொடுத்தவனுக்கு ஏதோ கூலி கிடைத்திருக்கும். வியாபார லாபம் முழுவதும் கடலுக்கு அப்பால்.

இங்கே நான் ஒரு தரப்பு மட்டும் பேச விரும்பவில்லை. வீட்டில் பெருக்கிய குஞ்சை வாங்கி வளர்ப்பவன் காட்டைக் கெடுப்பவன் அல்ல. வீட்டுக் குஞ்சு மலிவாகவும் ஆரோக்கியமாகவும் கிடைத்தால் காட்டில் போய்ப் பிடிப்பவனுக்குக் கிராக்கி குறையும் என்று வளர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வியாபாரி என்ற முறையில் எனக்குள்ள சந்தேகம் வேறு. குப்பிக்குள் இருக்கும் சிலந்தி காட்டில் பிடித்ததா, வீட்டில் பொரித்ததா என்று பார்த்தால் தெரியாது. கலப்பட மிளகில் பப்பாளி விதையையாவது தண்ணீரில் போட்டுக் கண்டுபிடிக்கலாம். இதற்கு அப்படி ஒரு சோதனை நம் கையில் இல்லை. சரக்கை நம்ப முடியாத இடத்தில் நம்ப வேண்டியது கொள்முதல் காகிதத்தை மட்டுமே. அந்தக் காகிதத்தைத்தான் இந்த வியாபாரத்தில் யாரும் தருவதில்லை.

அப்பையனிடமே கேட்டேன், “தம்பி, விற்பவர் பில் தருவாரா?” என்று. “இதுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது அண்ணாச்சி, அதனால பில் வேண்டாமாம்” என்றான். உயிருள்ள பிராணிக்குப் பெரும்பாலும் வரி இல்லை என்பது உண்மைதான். வரி இல்லாத சரக்குக்கு வரிப்பட்டியல்தான் இல்லை. பதிவு பெற்ற வியாபாரி அதற்குரிய விற்பனைச் சீட்டு எழுதியே ஆக வேண்டும். நாம் அரிசிக்கும் பாலுக்கும் எழுதவில்லையா? வரி இல்லை என்பதைப் பில் இல்லை என்று திரித்துச் சொல்பவன் எதை மறைக்கிறான் என்று யோசித்தாலே போதும்.

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019-ல் ஜெனீவாவில் நடந்த சைட்டஸ் மாநாட்டில், இலங்கையும் அமெரிக்காவும் கொண்டுவந்த முன்மொழிவின்படி பொசிலோதீரியா முழுவதும் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டது. அதாவது நாடு விட்டு நாடு போக அனுமதிச் சீட்டு கட்டாயம். நம் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சைட்டஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களுக்கென்றே நான்காம் அட்டவணை ஒன்று அதில் இருக்கிறது. அவற்றை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. ஏற்கெனவே கையில் இருந்ததைச் சொல்ல ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள், அதுவும் முடிந்துவிட்டது.  கடை வைத்து விற்க 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் உரிமம். இவற்றில் ஒன்றுகூடக் கையில் இல்லாமல் அப்பையன் கண்ணாடிப் பெட்டிக்கு ஆர்டர் கொடுக்கப் போயிருக்கிறான். அவன்மேல் தப்பில்லை, அவனுக்கு விற்க வந்தவன் சொல்லவில்லை.

மாட்டிக்கொண்டால் யார் மாட்டுவது என்றும் பார்க்க வேண்டும். 2010-ல் அமெரிக்க அதிகாரிகள் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஜெர்மானியரைக் கைது செய்தார்கள். நூற்றுக்கணக்கான உயிருள்ள சிலந்திகளைத் தபாலில் அமெரிக்காவுக்கு அனுப்பியவர். ஒரு பார்சலில் மட்டும் சுமார் 300 சிலந்திகள். இன்னொன்றில் வண்ண வண்ண உறிஞ்சுகுழல்களுக்குள் அடைத்து அனுப்பியிருந்தார். அவர் தாமே அமெரிக்காவுக்குப் போனதால் பிடிபட்டார். போகாமல் இருந்திருந்தால்? அனுப்பியவன் அங்கேயே இருப்பான். முகவரியில் பெயர் எழுதியிருப்பவனும் பார்சலை இறக்கி வைத்தவனும்தான் விசாரணைக்கு அலைய வேண்டும். கூரியர் ஏஜென்சி வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். கூரியர் கம்பெனிகளின் தடை செய்யப்பட்ட பொருள் பட்டியலில் உயிருள்ள பிராணி இல்லாத பட்டியலை நான் பார்த்ததில்லை. “பொம்மை”, “கைவினைப் பொருள்” என்று எழுதி வருகிற சின்னப் பெட்டியில், ஊசியால் குத்திய காற்றுத் துளைகள் இருந்தால் புக்கிங் பையனுக்குச் சந்தேகம் வர வேண்டும். சித்திரை வெயிலில் லாரி செட்டில் இரண்டு நாள் கிடந்தால் உள்ளே இருப்பது பாதிக்கு மேல் செத்துப்போகும். அந்தப் பாவமும் நம் கிடங்கில்தான் நடக்கும்.

இன்னொரு கவலையும் உண்டு. ஒரு முட்டைப் பையில் நூறு குஞ்சு, குஞ்சு ஆயிரம் ரூபாய் என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால் மயங்குகிறவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ஈமுக் கோழியை மறந்துவிட்டோமா? 2012-ல் பெருந்துறை வட்டாரத்தில் தொடங்கிய அந்தச் சரிவில் எத்தனை கடைக்காரர் குடும்பங்கள் நகையை விற்றன! அங்கேயும் கணக்கு சரியாகத்தான் இருந்தது; குஞ்சு வாங்குகிறவன் இன்னொரு குஞ்சு விற்பவனாகவே இருந்தான், தின்பவன் மட்டும் இல்லை. சிலந்தியை யாரும் தின்னப் போவதில்லை. குத்தி நீலத்தின் விலை சரிந்த கதையே போதும். பெருகும் சரக்கின் விலை நிற்காது.

கடைசியாகப் புளியைப் பற்றி ஒரு வார்த்தை. இராமேசுவரத்துச் சிலந்தியின் வீடு பழைய புளியமரங்களின் பொந்து. இளம் மரத்தில் பொந்து கிடையாது. ஐம்பது, அறுபது ஆண்டு நின்ற மரத்தில்தான் பட்டை வெடித்து உள்ளே இடம் உண்டாகும். பிடித்துப் போகிறவன் பத்துச் சிலந்தி பிடிப்பான்; ஒரு மரத்தை வெட்டினால் அந்த மரத்துக் குடும்பமே போய்விடும். சாலை அகலமாகும்போது முதலில் விழுவது புளியமரம்தான். இதில் நமக்கும் பங்கு இருக்கிறது. கடையின் போர்டை மறைக்கிறது, லாரி திரும்ப இடைஞ்சல் என்று மனுக் கொடுத்து மரத்தை வெட்ட வைப்பதில் வணிகர்கள் பின்வாங்குவதே இல்லை. வெட்டும்போது பொந்திலிருந்து உள்ளங்கை அகலச் சிலந்தி இறங்கி வந்தால் விளக்குமாற்றால் அடித்துப் போட்டுவிட்டு, “பெரிய விஷப்பூச்சி, நல்ல வேளை” என்கிறோம். அது நாடு முழுக்க இருக்கும் பூச்சி அல்ல. அந்தத் தீவிலும் எதிர்க் கரையிலும் மட்டுமே இருப்பது. புளி மொத்த வியாபாரிகள் மூட்டை மூட்டையாக இறக்குகிறார்கள். மரம் இருந்தால்தான் மூட்டை என்பதை அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிலந்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளை இரவில் ஒரு டார்ச் விளக்கோடு பழைய மரத்தடிக்கு அழைத்துப் போங்கள். பொந்து வாசலில் அது உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் செலவு எதுவும் கிடையாது. கை மட்டும் நீட்டக் கூடாது.

உறுப்பினருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: மளிகைக் கடையில் வேண்டவே வேண்டாம். பையனுக்கு இதில் உண்மையான ஆசை இருந்தால் விலங்கியல் படிக்கட்டும். உரிமமும் பதிவும் வாங்கித் தனிக் கடை போடும் நாள் வந்தால் அப்போது நானே வந்து குத்துவிளக்கு ஏற்றுகிறேன்.

சங்கத்துக்கு என் யோசனைகள் இரண்டு. கூரியர், லாரி புக்கிங் நடத்தும் உறுப்பினர்கள் உயிருள்ள பிராணி அடங்கிய பார்சலை ஏற்பதில்லை என்று தமிழில் ஒரு அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். அச்சடிக்கும் செலவைச் சங்கம் ஏற்கலாம். கடை வாசலில் உள்ள பழைய மரத்தை வெட்டக் கோரும் மனுவுக்குச் சங்கத்தின் லெட்டர் பேடில் பரிந்துரைக் கடிதம் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். இரண்டாவதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். மறுப்பு உள்ளவர்கள் அதற்கு முன்பே செயலாளருக்கு எழுத்து மூலம் அனுப்பினால் விவாதிக்க வசதியாக இருக்கும்.